பத்தொன்பது யூனிட்

2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தியவர்களுக்கு மின்வெட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உயர் அழுத்த இணைப்புகளுக்கு நாற்பது சதவீதம் வரை வெட்டு. சின்னப் பட்டறைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின் விடுமுறை. மீதி நாட்களில் சொல்லியும் சொல்லாமலும் கரண்ட் போகும். லேத் ஓடும்போது போனால் டூல் உடையும், ஜாப் வீணாகும். ஹீட் ட்ரீட்மென்ட் உலை பாதியில் ஆறிப்போனால் உள்ளே இருந்த இரும்பை மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டும், சில சமயம் தூக்கித்தான் போட வேண்டும். வசதியுள்ளவர்கள் டீசல் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு, மின்வாரியக் கட்டணத்தைவிடப் பல மடங்கு செலவில் ஆர்டரை முடித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஷிப்ட்டைக் குறைத்தார்கள்.

அந்தப் பற்றாக்குறை ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் இந்த வட்டாரத்தின் தேவை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 1960களில் உருவான தொழிற்பேட்டையில் பழைய ஆலைகள் இருந்த மனைகளில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. இரவு பகல் என்று அவற்றுக்கு வேறுபாடு கிடையாது. திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் பக்கம் வீடுகள் பெருகி, வீட்டுக்கு வீடு ஏசி வந்துவிட்டது. பூந்தமல்லி வரை மெட்ரோ பாதை நீண்டிருக்கிறது. இவ்வளவுக்கும் வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. அதன் விலையை எண்ணூர், அத்திப்பட்டு மக்கள் சாம்பலாகச் சுவாசித்துக் கொடுக்கிறார்கள். சூரிய ஒளியும் காற்றும் தமிழ்நாட்டில் நன்றாகவே வளர்ந்திருக்கின்றன என்றாலும், மே மாத இரவில் காற்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. புகையில்லாமல், இரவிலும் பகலிலும் ஒரே சீராக ஓடும் ஓர் ஆற்றல் மூலம் வேண்டும். அணுக்கரு இணைவு அந்த இடத்தை நிரப்பும் என்று எழுபது ஆண்டுகளாக அறிவியலாளர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் எவ்வளவு உறுதி இருக்கிறது, எங்கே அது தடுக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுக்கரு உடைகிறது. இணைவு அதற்கு நேர் எதிர்த்திசை. ஹைட்ரஜனின் இரண்டு கனத்த வடிவங்களான டியூட்டீரியமும் டிரிட்டியமும் ஒன்றோடொன்று மோதி ஒட்டினால் ஹீலியம் பிறக்கும், ஒரு நியூட்ரான் மிஞ்சும். பிறந்தவற்றின் நிறையைக் கூட்டிப் பார்த்தால், மோதியவற்றின் நிறையைவிடச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய ஆயிரத்தில் நான்கு பங்கு குறைவாக இருக்கும். காணாமல்போன அந்தத் துளி நிறைதான் ஆற்றலாக வெளிப்படுகிறது. ஒரு மோதலுக்கு 17.6 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட். அதில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறது. இந்த நியூட்ரானை மறக்க வேண்டாம். இணைவின் நன்மையும் தொல்லையும் இரண்டுமே இதைச் சுற்றித்தான் வரும்.

டியூட்டீரியம் எங்கே கிடைக்கும்? தண்ணீரில். இயற்கையான எந்த நீரிலும் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம். ஒரு கனமீட்டர் நீரில் 33 கிராம் அளவுக்கு இருக்கும். பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது பத்துக் கோடி கனமீட்டருக்குச் சற்று மேல். ஏரி நிரம்பி நிற்கும்போது அதற்குள் கிட்டத்தட்ட 3,400 டன் டியூட்டீரியம் கரைந்து கிடக்கிறது. 1,000 மெகாவாட் இணைவு மின்நிலையம் ஒன்று ஆண்டு முழுவதும் ஓட அதில் ஏறக்குறைய 100 கிலோ போதும். அதே அளவு நிலக்கரி நிலையம் நம் நாட்டு நிலக்கரியில் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் விழுங்கும். டியூட்டீரியத்தைப் பிரித்தெடுப்பதும் நமக்குப் புதிதல்ல. 1970களின் இறுதியிலேயே தூத்துக்குடியில் கனநீர் ஆலை தொடங்கப்பட்டது. கனநீர் என்பதே டியூட்டீரியம் நிறைந்த நீர்தான்.

ஏரிக் கணக்கைக் கேட்டு மலைப்பவர்களிடம் நான் உடனே சொல்வது, இது எரிபொருள் கணக்கில் பாதிதான் என்பது. மறுபாதி டிரிட்டியம். அங்கேதான் சிக்கல். அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் தடை வெப்பம். அணுக்கருக்கள் நேர்மின்னேற்றம் உடையவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி நெருங்க வேண்டுமானால் மிகுந்த வேகம் வேண்டும், வேகம் என்றால் வெப்பநிலை. சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரி. ஆனால் சூரியன் அவசரப்படுவதில்லை. அதன் மையத்தில் ஒரு கனமீட்டர் இடத்திலிருந்து வரும் ஆற்றல் முந்நூறு வாட்டுக்கும் குறைவு, மூன்று மின்விசிறி ஓடும். சூரியன் அத்தனை பெரிதாக இருப்பதால்தான் அது அத்தனை பிரகாசமாக இருக்கிறது. பூமியில் நமக்கு அவ்வளவு இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே சூரிய மையத்தைப் போல் பத்து மடங்கு, 15 கோடி டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் உரிந்துபோய், வாயு பிளாஸ்மாவாகிவிடும்.

எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது. ஆனால் பிளாஸ்மாத் துகள்களுக்கு மின்னேற்றம் இருப்பதால் காந்தப்புலம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 1950களில் சோவியத் இயற்பியலாளர்கள் சாகரோவும் டாமும் முன்வைத்த யோசனையிலிருந்து உருவானது டோகமாக்: வளைய வடிவ வெற்றிடக் கலம், அதைச் சுற்றிக் காந்தச் சுருள்கள், பிளாஸ்மாவுக்குள்ளேயே பாயும் பெரும் மின்னோட்டம். நம் நாட்டிலும் இந்த வேலை வெகுகாலமாக நடக்கிறது. 1980களில் உருவான குஜராத் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் 1989ல் ‘ஆதித்யா’ டோகமாக்கை உள்நாட்டிலேயே கட்டி இயக்கியது. மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்எஸ்டி-1 கருவியில் 2013ல் முதல் பிளாஸ்மா உருவானது.

சூடு, அடர்த்தி, தாக்குப்பிடிக்கும் நேரம் மூன்றையும் பெருக்கி வருவது ஓர் எல்லையைத் தாண்டினால்தான் இணைவு லாபம் தரும். 1950களிலேயே பிரிட்டனின் லாசன் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். பிளாஸ்மா கொந்தளித்து வெப்பத்தை வெளியே சிந்திக்கொண்டே இருப்பதால் மூன்றையும் ஒருசேர உயர்த்தப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனாலும் உயர்ந்தன. 2025 பிப்ரவரியில் பிரான்சின் வெஸ்ட் டோகமாக் 1,337 நொடிகள் பிளாஸ்மாவை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

சாதனைகளை நமக்குப் பழக்கமான அளவில் பார்த்தால் உண்மை நிலை புரியும். இங்கிலாந்தின் கல்ஹமில் இருந்த ஜெட் டோகமாக் மூடப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2023 அக்டோபரில், ஐந்து நொடிகளுக்குச் சற்று மேல் எரிந்து 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைத் தந்தது. ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். ஆக, பத்தொன்பது யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது நூறு யூனிட். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் வெப்பமாகத்தான், மின்சாரமாக அல்ல. அதை உண்டாக்க இயந்திரம் உறிஞ்சிய மின்சாரம் அதைவிட மிக அதிகம். ஆனால் எரிந்த எரிபொருள் வெறும் 0.2 மில்லிகிராம். இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலாவது நாம் இன்னும் போக வேண்டிய தூரம். இரண்டாவது, ஏன் போக வேண்டும் என்பதற்கான காரணம்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் 192 லேசர் கதிர்களைக் கொண்டு வேறொரு வழியில் இணைவை நிகழ்த்தியது. இலக்கில் விழுந்த லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. போட்டதைவிட அதிகம் எடுத்தது இதுவே முதல் முறை, பெரும் சாதனைதான். ஆனால் அந்த லேசர்களுக்காக மின்கம்பியிலிருந்து எடுத்தது 300 மெகாஜூல். எண்பத்துமூன்று யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. செய்தித்தாளில் இணைவு பற்றிப் படிக்கும்போதெல்லாம் ‘எதற்கு எதிரே எதை அளந்தார்கள்’ என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

1955ல் ஜெனிவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இன்னும் இருபது ஆண்டுகளில் கட்டுப்படுத்தப்பட்ட இணைவு சாத்தியமாகும் என்று கணித்தார். அவரது கணிப்பு பொய்த்ததற்குப் பிளாஸ்மாவின் கொந்தளிப்பு ஒரு காரணம். இன்று அந்தப் பகுதி பெருமளவு வசப்பட்டுவிட்டது. இப்போது நிற்கும் தடைகள் வேறு வகை. அவற்றுக்கு முன், மக்கள் முதலில் கேட்கும் கேள்விக்கு வருவோம்.

வெடிக்குமா?

2004 டிசம்பர் 26 காலை, கல்பாக்கம் குடியிருப்பில் பல உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலை சென்னை அணுமின் நிலையத்தின் கடல்நீர் ஏற்றுமிடத்துக்குள்ளும் புகுந்தது. அப்போது இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. பணியில் இருந்தவர்கள் அதைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். ஆனால் பிளவு உலையை நிறுத்தியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. தொடர்வினை நின்றாலும், எரிபொருளில் சேர்ந்திருக்கும் பிளவுக் கழிவுகள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் ஆறேழு சதவீத வெப்பம் இன்னும் வந்துகொண்டிருக்கும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் குளிரூட்டியே ஆக வேண்டும். கல்பாக்கத்தில் அது தடையின்றி நடந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிரூட்டல் நின்றது, எரிபொருள் உருகியது.

இணைவு உலையில் இந்தக் கதை நடக்க வழியில்லை. தொடர்வினை என்பதே அங்கு கிடையாது. பிரான்சில் ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டிவரும் மாபெரும் டோகமாக்கான இட்டரை எடுத்துக்கொண்டால், 840 கனமீட்டர் பிளாஸ்மாவில் எந்த நேரத்திலும் இருக்கப்போகும் எரிபொருள் அரை கிராமுக்கும் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றைவிட இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் மெலிந்த பிளாஸ்மா அது. காந்தம் தடுமாறினாலோ, வெற்றிடத்தில் ஓட்டை விழுந்தாலோ, எரிபொருள் வரத்து நின்றாலோ பிளாஸ்மா குளிர்ந்து நொடிக்குள் அணைந்துவிடும். பிளவு உலையில் எரிவதைக் கட்டுப்படுத்துவது கடினம். இங்கே எரிய வைப்பதே கடினம். அணுகுண்டுக்கான யுரேனியமோ புளூட்டோனியமோ இந்த உலைக்குள் கிடையாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காவல் காக்க வேண்டிய எரிந்த எரிபொருளும் மிஞ்சாது.

ஆனால் ‘கதிரியக்கமே இல்லாத ஆற்றல்’ என்று சிலர் எழுதுவது தவறு. அப்படிச் சொல்லி மக்களின் சம்மதத்தைப் பெறுவது இன்னும் பெரிய தவறு. டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள். அதன் பீட்டா கதிர் வலுவற்றது, தோலைக்கூட ஊடுருவாது. ஆனால் அது ஹைட்ரஜன். ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். தண்ணீராகி உடலுக்குள் போனால் தோலின் பாதுகாப்பு பயன்படாது. சூடான எஃகின் ஊடாகவே கசியும் இயல்பும் அதற்கு உண்டு. இட்டர் வளாகத்தில் மொத்தமாக 4 கிலோவுக்கு மேல் டிரிட்டியம் இருக்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இன்னொரு ஆபத்து இயந்திரத்துக்கே. 1.5 கோடி ஆம்பியர் மின்னோட்டம் தாங்கிய பிளாஸ்மா சில மில்லிநொடிகளில் குலைந்தால், அந்த விசையும் வெப்பமும் உலைச் சுவரைச் சிதைக்கக்கூடும். வெளியே வசிப்பவர்களுக்கு அதனால் தீங்கில்லை. உலை மாதக்கணக்கில் பழுதுபார்ப்பில் கிடக்கும்.

2023ல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், இணைவு இயந்திரங்களைப் பிளவு உலைகளின் கடும் விதிகளுக்குள் கொண்டுவராமல், கதிரியக்கப் பொருட்களைக் கையாளும் இடங்களுக்குரிய விதிகளின்கீழ் வைக்க முடிவு செய்தது. அதே ஆண்டு பிரிட்டனும் சட்டம் மூலம் அவ்வாறே பிரித்தது. நியாயமான முடிவுகள் என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 2011லும் 2012லும் இடிந்தகரையில் திரண்ட மீனவ மக்கள் கேட்ட கேள்விகளுக்கு, கூடங்குளம் உலையைக் கட்டத் தொடங்கும் முன்பே, அவர்கள் மொழியில், அவர்கள் ஊரில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். இணைவு நிலையம் எந்த ஊருக்கு வந்தாலும், டிரிட்டியம் எவ்வளவு, எங்கே, கசிந்தால் என்ன என்பதை அந்த ஊர் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். அறிவியல் இணைவின் பக்கம் இருக்கிறது என்பதால் மக்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

டிரிட்டியம் எங்கே?

மேலே தள்ளிவைத்த கணக்குக்கு வருவோம். 1,000 மெகாவாட் இணைவு நிலையத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 150 கிலோ டிரிட்டியம் வேண்டும். உலகத்தில் குடிசார் பயன்பாட்டுக்கு இருக்கும் மொத்தக் கையிருப்பு சுமார் 25 முதல் 30 கிலோ. இயற்கையில் அது மிக அரிது. கிடைப்பதெல்லாம் கனநீர் அணு உலைகளின் பக்க விளைவாக வருவது. கனநீரில் உள்ள டியூட்டீரியம் ஒரு நியூட்ரானைப் பிடித்துக்கொண்டால் டிரிட்டியம் ஆகிவிடும். 1984லும் 1986லும் ஓடத் தொடங்கிய கல்பாக்கம் உலைகள் இரண்டுமே இந்த வகைதான். உலையின் கனநீரில் ஓராண்டில் சேர்வது கிராம் கணக்கில்தான். சேர்த்து வைத்ததும் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் வீதம் தானாகவே சிதைந்து குறையும்.

ஆகவே இணைவு உலை தனக்கு வேண்டிய டிரிட்டியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்த நியூட்ரான் உதவுகிறது. பிளாஸ்மாவைச் சுற்றி லித்தியம் அடங்கிய போர்வை ஒன்றை அமைத்தால், நியூட்ரான் லித்தியத்தில் மோதி டிரிட்டியத்தைப் பிறப்பிக்கும். இதற்கு ஏற்ற லித்தியம்-6 இயற்கை லித்தியத்தில் ஏழரை சதவீதம்தான், செறிவூட்ட வேண்டும். எரிந்த ஒவ்வொரு டிரிட்டியத்துக்கும் ஒன்றுக்குச் சற்று அதிகமாகவே பிறக்க வேண்டும், ஏனென்றால் வழியில் இழப்பு உண்டு. தாளில் இந்தக் கணக்கு வருகிறது. ஆனால் எரிந்ததை ஈடுகட்டும் அளவுக்கு டிரிட்டியம் பிறப்பித்து, பிரித்தெடுத்து, மறுபடி உலைக்கே ஊட்டிய முழுச் சுழற்சியை இதுவரை எந்த இயந்திரமும் செய்து காட்டவில்லை. 2030களின் தொடக்கத்திலேயே மின்சாரம் தருவோம் என்று சொல்லும் தனியார் நிறுவனங்களின் காந்தங்களை நான் மதிக்கிறேன். 2021ல் அமெரிக்காவின் காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனமும் எம்ஐடியும் சேர்ந்து 20 டெஸ்லா காந்தத்தைச் சோதித்துக் காட்டியது உண்மையான முன்னேற்றம். ஆனால் டிரிட்டியம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவர்கள் செய்முறையில் பதில் காட்டும்வரை அந்த ஆண்டுக் கணக்குகளை நான் நம்பத் தயாராக இல்லை.

எஃகு தாங்குமா?

இனி வருவது எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. இரும்போடு வேலை செய்பவர்கள் நிறைந்த இந்த வட்டாரத்து வாசகர்களுக்கு எளிதில் பிடிபடும் பகுதியும் இதுவே.

இணைவு நியூட்ரானின் ஆற்றல் 14.1 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட். பிளவு உலை நியூட்ரானின் சராசரி ஆற்றல் இரண்டு. ஏழு மடங்கு வேகமான அடி அல்ல, ஏழு மடங்கு ஆற்றல் கொண்ட அடி. மின்னேற்றம் இல்லாததால் காந்தம் அதைத் தடுக்காது. நேராகச் சுவருக்குள் பாயும். எஃகின் படிக அமைப்பில் அணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன அல்லவா, மின்நிலைய அளவிலான உலையின் உட்சுவரில் ஒவ்வொரு அணுவும் ஓராண்டில் சராசரியாகப் பத்து முதல் இருபது முறை தன் இடத்திலிருந்து தள்ளப்படும். பெரும்பாலானவை திரும்ப ஒரு இடத்தில் அமர்ந்துவிடும். எல்லாம் அல்ல. மிஞ்சும் குறைகள் சேர்ந்து எஃகு இறுகி, நொறுங்கும் தன்மை பெறும். நியூட்ரான் சில இரும்பு அணுக்களை வேறு தனிமமாகவே மாற்றிவிடும், அப்போது ஹீலியம் வாயு எஃகுக்குள்ளேயே பிறக்கும். அந்த ஹீலியம் எஃகின் படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகளில் குமிழாகச் சேர்ந்து விரிசலுக்கு வழி திறக்கும். வார்ப்பில் காற்றுக் குமிழ் அடைபட்ட ஜாப் எப்படிப் போகும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். இங்கே வார்த்து முடித்து, சோதித்து, பொருத்திய பிறகு உள்ளே குமிழ் உண்டாகிறது.

இத்தனை ஆற்றலுள்ள நியூட்ரான்களை ஆண்டுக்கணக்கில் பொழிந்து எஃகைச் சோதிக்கும் வசதி இன்று உலகில் எங்குமே இல்லை. ஸ்பெயினின் கிரனாடா அருகே இதற்கென்றே ஒரு சோதனை நிலையம் கட்டப்பட்டு வருகிறது. இணைவு ஏன் தாமதமாகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு தகவலே பாதி விடை.

கதிரியக்கக் கழிவுச் சிக்கலும் எஃகிலேயே இருக்கிறது. அனல்மின் நிலையக் கொதிகலன்களின் உயர் வெப்பக் குழாய்களுக்கு ‘பி91’ என்ற எஃகைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்பது சதவீதம் குரோமியம், ஒரு சதவீதம் மாலிப்டினம், துளியளவு நியோபியம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையின் நீராவி உருவாக்கியும் இதே குடும்பத்து எஃகுதான். வெல்டிங்குக்கு முன் 200 டிகிரிக்கு மேல் சூடேற்றி, முடித்தபின் 750 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் பதப்படுத்தாவிட்டால் இது விரிசல் விட்டுவிடும். வேலை செய்தவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். இதே எஃகை இணைவு உலையில் வைத்தால் என்ன ஆகும்? நியோபியம் அதில் 0.1 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் நியூட்ரான் பட்டு அது நியோபியம்-94 ஆகிவிட்டால் அரை ஆயுட்காலம் இருபதாயிரம் ஆண்டுகள். மாலிப்டினத்திலிருந்தும் நெடுங்காலக் கதிரியக்கப் பொருட்கள் பிறக்கும்.

ஆகவே உலோகவியலாளர்கள் செய்முறையையே மாற்றினார்கள். மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன், நியோபியத்துக்குப் பதில் டான்டலம். உறுதி ஏறக்குறைய அதே, கதிரியக்கமோ நூறு ஆண்டுகள் என்ற அளவில் தணிந்து, கையாளக்கூடிய நிலைக்கு வரும். இந்தியாவுக்கென்று தனியாக இந்த எஃகை உருவாக்கியதில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. காந்திநகர் நிறுவனமும் ஹைதராபாத்தின் மிதானி உலோக ஆலையும் கூட்டாளிகள். டங்ஸ்டன் அளவையும் டான்டலம் அளவையும் மாற்றி மாற்றி வார்த்து, உயர் வெப்பத்தில் பளு தொங்கவிட்டு எவ்வளவு காலம் நீளாமல் தாங்குகிறது என்று ஆயிரக்கணக்கான மணி நேரம் அளந்து, 1.4 சதவீதம் டங்ஸ்டன், 0.06 சதவீதம் டான்டலம் என்ற கலவையைத் தேர்ந்தார்கள். கோபால்ட், நிக்கல், தாமிரம் போன்ற மாசுகள் பத்துலட்சத்தில் சில பங்குகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் பழைய இரும்பை உருக்கி இதைச் செய்ய முடியாது. வெற்றிடத்தில் உருக்கி, வெற்றிட வில்லில் மறுபடியும் உருக்க வேண்டும். இட்டரில் சோதிப்பதற்காக இந்தியா வடிவமைத்த லித்தியம்-ஈயப் போர்வைக்கென உருவானது இந்த எஃகு. தொலைக்காட்சியில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. லேசர் செய்தியின் அளவுக்கு இது முக்கியமானது என்பது என் எண்ணம்.

சின்னக் குறை எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு இட்டரே சான்று. 2006 நவம்பரில் இந்தியா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு தரப்புகள் கையெழுத்திட்டன. 50 மெகாவாட் வெப்பம் ஊட்டி 500 மெகாவாட் இணைவு ஆற்றல் எடுப்பது இலக்கு. மின்சாரம் தயாரிக்காது, ஆய்வுக்கு மட்டும். 2022ல் அங்கே இரண்டு குறைகள் பெரிதாக வெளிப்பட்டன. வெற்றிடக் கலத்தின் துண்டுகளை வெல்ட் செய்ய வேண்டிய விளிம்புகள் வரைபட அளவில் இல்லை. வெப்பத் தடுப்புத் தகடுகளில் ஒட்டியிருந்த குளிர்விப்புக் குழாய்களிலும் கசிவு. காரணம், தயாரிப்பின்போது வெல்டிங் மூலைகளில் மிஞ்சிய குளோரின் எச்சம். எஸ்எஸ் பட்டறைகளில் குளோரைடு பட்டால் நுண்விரிசல் விடும் என்று கண்டிப்பாகக் கழுவச் சொல்வார்களே, அதே நோய். 23 கிலோமீட்டர் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. இவையும் பெருந்தொற்றுக் காலத் தாமதமும் சேர, 2024ல் புதிய கால அட்டவணை வந்தது: ஆய்வு இயக்கம் 2034ல், டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிப்பு 2039ல்.

இட்டருக்கு இந்தியாவின் பங்கு சுமார் 9 சதவீதம், பெரும்பாலும் பொருளாகவே கொடுக்கிறோம். உலை முழுவதையும் உள்ளடக்கும் 29 மீட்டர் உயர கிரயோஸ்டாட் கலம் குஜராத் ஹசீராவில் எல் அண்ட் டி ஆலையில் 54 துண்டுகளாகச் செய்யப்பட்டு, பிரான்சில் கூட்டி வெல்ட் செய்யப்பட்டது. எடை 3,850 டன். 2020ல் கடைசித் துண்டு கப்பலேறியது. வெற்றிடக் கலத்தின் உட்சுவர்க் கவசத் தகடுகள் பெங்களூரில் உருவாயின. இந்த வேலைகள் கேட்கும் திறமை ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அந்நியமில்லை. 1965ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கனமான தகடுகளைக் கோணலில்லாமல் வெல்ட் செய்யும் கலை தலைமுறைகளாக இருக்கிறது. அம்பத்தூரின் சிஎன்சி பட்டறைகள் மைக்ரான் கணக்கில் வேலை கொடுக்கின்றன. ஆனால் அணுசக்தித் தரத்துக்கு ஜாப் எடுக்க வேண்டுமானால் சான்றிதழ், ஒவ்வொரு வெல்டுக்கும் ரேடியோகிராஃபி, உலோகம் வந்த வழி முதல் எல்லாவற்றுக்கும் ஆவணம் என்று செலவு கூடும். சிறு பட்டறைகள் தனியாக அதைச் சுமக்க முடியாது. பொதுவான பரிசோதனைக் கூடம் ஒன்றைத் தொழிற்பேட்டைக்கே அரசு அமைத்துக் கொடுத்தால், இணைவுக்கு மட்டுமல்ல, விண்வெளி, பாதுகாப்புத் துறை வேலைகளுக்கும் அது உதவும்.

எப்போது வரும்? காந்திநகர் ஆய்வாளர்கள் 2025ல் முன்வைத்த திட்டவரைவு, 250 மெகாவாட் செயல்விளக்க உலைக்கு 2060ஐக் குறிக்கிறது. கூச்சமில்லாமல் உண்மை பேசும் கணிப்பு என்று அதை மதிக்கிறேன். அப்படியானால் இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் நடுவயதில் இருக்கும் காலம் அது. அதுவரை கரியை எரித்துக்கொண்டு காத்திருக்க நம்மால் முடியாது. கூரைச் சூரிய மின்சாரம், காற்றாலை, மின்சேமிப்பு, மின்கடத்துத் தடங்கள் ஆகியவற்றுக்கான பணத்தை இணைவின் பெயரைச் சொல்லி யாரும் தள்ளிப்போடக்கூடாது. அதேபோல், தாமதமாகிறது என்பதற்காக இணைவு ஆய்வைக் கைவிடுவதும் சரியல்ல. காற்றும் வெயிலும் ஓய்ந்த இரவுகளை இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் யாராவது சமாளித்தாக வேண்டும்.

கல்பாக்கத்தில் எஃகு மாதிரிகள் தாங்கும் நேரத்தை அளக்கும் சோதனைகளுக்கு நிதி தடையில்லாமல் கிடைக்க வேண்டும், நடுவில் நிறுத்தப்பட்ட சோதனையை மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க முடியும். உலோகவியலும் வெல்டிங் பொறியியலும் படிக்க இந்தப் பகுதிப் பிள்ளைகள் தயங்குகிறார்கள் என்றால், பெற்றோர்கள் அவர்களிடம் ஒன்று சொல்லலாம்: இணைவு உலையின் முடிவடையாத வேலைகளில் பெரும்பகுதி அந்தப் பாடங்களில்தான் இருக்கிறது.